ஹாலம்மாவின் கழுத்திலிருந்து எடுத்த மஞ்சள் துண்டு

கர்நாடகத்துத் தாவணகெரேயில் பொரி உலைகள் வரிசையாக இருக்கும் பேட்டையில் ஹாலம்மாவின் மிளகாய் பஜ்ஜிக்கென்றே ஒரு கூட்டம் உண்டு. கணவன் திப்பேசாமி பக்கத்து உலையில் பொரி வறுப்பவன். அவன் கொண்டுவந்து கொட்டும் சூட்டுப் பொரியில் வெங்காயம், பொட்டுக்கடலை மாவு, காரம், எண்ணெய் எல்லாம் போட்டுப் பிசைந்து, ஓரத்தில் இரண்டு பஜ்ஜியை வைத்து ஹாலம்மா நீட்டுவாள்; அந்த ஊரில் அதற்கு மண்டக்கி என்று பேர். மாலை நான்கு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் எட்டு மணி வரை நின்ற இடத்தை விட்டு நகர மாட்டாள். மாவும் மிளகாயும் தயார் செய்வதிலேயே மதியம் போய்விடும், சாப்பாடு என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. கடை மூடும்போது மிஞ்சியிருக்கும் ஆறிய பஜ்ஜிதான் அவளுக்கு மதியமும் இரவும்.

வயது ஐம்பத்து மூன்று. எடை எண்பத்தெட்டு கிலோ. அந்தச் சிறிய கடைக்குள் அவள் திரும்புவதைப் பார்த்து யாராவது சிரித்தால், அவளே முந்திக்கொள்வாள். "என்னை உள்ள நிக்க வெச்சிட்டுத்தான் இந்தச் சுவரையே கட்டினாங்க. வெளிய வரணும்னா இடிக்கணும்."

வாரத்துக்கு இரண்டு நாள் தவறாமல் வருகிறவர்களில் டாக்டர் நீலாம்பிகா ஒருத்தி. ஏறக்குறைய ஹாலம்மாவின் வயதுதான். ஊருக்கு வெளியே மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. நோயாளி பார்ப்பதில்லை. இது ஹாலம்மாவுக்குத் தீராத வேடிக்கை.

"ஊசி போடாத டாக்டரை நான் இந்தக் கடையிலதான் பாத்தேன். அப்ப என்னதான் பண்றீங்க டாக்டரம்மா, காலையில இருந்து?"

"ரத்தத்தைப் பாக்கறேன்."

"யாரு ரத்தத்தை?"

"கொடுக்கறவங்க ரத்தத்தை."

"இந்த ஊர்ல சும்மா யாரு கொடுப்பா?"

"அதுதான் என் கஷ்டமே ஹாலக்கா" என்று நீலாம்பிகா சிரித்துவிட்டு இன்னொரு பஜ்ஜி கேட்பாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நீலாம்பிகா தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். ஹாலம்மா மாவில் மிளகாயை முக்கியபடியே, கேட்பவர்கள் சிரிப்பதற்காக ஒரு கதை சொன்னாள்.

"நேத்து ஒரு கூத்து. எண்ணெய்ல மிளகாயைப் போட்டுட்டு நிமிர்றேன், வலது கண்ணுக்கு மேல இருந்து யாரோ திரையை இழுத்து விட்ட மாதிரி கருப்பா இறங்குது. ஒத்தைக் கண்ணாலயே பஜ்ஜி எடுத்துப் போட்டேன். அப்புறம் அதுவா ஏறிடுச்சு. சினிமாக் கொட்டாய் தோத்துது போங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். நீலாம்பிகா வாயிலிருந்ததை மெல்லுவதை நிறுத்தினாள்.

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"ஒரு ஈடு வேகற நேரம்."

"வலிச்சுதா?"

"வலியே இல்ல. புகைதான் போல."

"புகைன்னா ரெண்டு கண்ணும் எரியும். இடது கை எப்படி இருக்கு? ஏதாவது நழுவுச்சா?"

ஹாலம்மாவின் கை நின்றது. போன வாரம் மாவுப் பாத்திரம் இடது கையிலிருந்து காரணமில்லாமல் நழுவிக் கீழே விழுந்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணெய்க் கை, வழுக்கிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடைத்துப் போட்டிருந்தாள்.

"ஆமா" என்றாள், குரல் இறங்கி.

நீலாம்பிகா தட்டைக் கீழே வைத்தாள். கடைக்குள் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

"என்ன பண்றீங்க? பத்துப் பேரு நிக்கறாங்க."

"நிக்கட்டும். நீங்க இப்பவே என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க."

"கடையை மூடிட்டு நாளைக்கு வர்றேன்."

"நாளைக்குத் திரை ஏறாமப் போகலாம் ஹாலக்கா. கண்ணு மட்டும் இல்ல, கை, கால், வாய் எல்லாம் போகலாம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் ஹாலம்மாவைப் பயமுறுத்தியது. திப்பேசாமி உலையிலிருந்து முண்டாசோடு ஓடிவந்தான். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு போனார்கள்.

அன்று மாலையே கழுத்தில் ஒரு கருவியை வைத்து உருட்டிப் பார்த்தார்கள். மறுநாள் பெரிய படம் எடுத்தார்கள். வலது பக்கக் கழுத்தில் மூளைக்கும் கண்ணுக்கும் ரத்தம் கொண்டுபோகும் குழாய் முக்கால் பங்குக்கு மேல் அடைத்திருந்தது. இடது கையை நடத்துவதும் அந்தப் பக்க மூளைதான். அந்த அடைப்பிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து கண்ணுக்குப் போன நேரத்தில்தான் திரை இறங்கியது. அந்தத் துணுக்கு கரைந்து போனது அதிர்ஷ்டம். சர்க்கரை அளவும் கூடியிருந்தது. ரத்த அழுத்தமும் அப்படித்தான். இரண்டும் எத்தனை வருடமாக இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது, ஹாலம்மாவுக்கும் தெரியாது.

சர்ஜன் குட்டையான, சிடுசிடுப்பான மனிதர். "குழாயைத் திறந்து உள்ள இருக்கறதை வழிச்சு எடுத்துட்டுத் தைக்கணும். இந்த வாரத்துக்குள்ள" என்றார். கோப்பை மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

திப்பேசாமி ஆஸ்பத்திரிக் கேன்டீனில் டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் அழுதான். முப்பது வருடம் உலைக்கு முன்னால் நின்ற மனிதன். அழுகையை மறைக்கக்கூடத் தெரியவில்லை. ஹாலம்மாவுக்கோ கடையைப் பற்றிய கவலை. அதற்குத் தீர்வு அவள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது.

எதிர்வரிசையில் பஜ்ஜிக் கடை வைத்திருந்த கரிபசம்மாவுக்கும் ஹாலம்மாவுக்கும் பதினைந்து வருடமாகப் பேச்சுவார்த்தை என்பது திட்டுவதுதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவள் ஒரு டிபன் பாக்ஸோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"உன் கடையைத் திறந்து என் தங்கச்சியை நிக்க வெச்சிருக்கேன். அரை மணி நேரம் நின்னுட்டு, உன் சனங்க எல்லாம் 'ஹாலம்மா கைப் பக்குவம் இல்ல'ன்னு முகத்தைச் சுளிக்குதுங்க. எனக்கு மானம் போகுது. சீக்கிரம் எழுந்து வந்து சேரு."

"எனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆயிட்டா அந்த இடத்தை நான் எடுத்துக்குவேன். அதுக்காகவாவது ஆகாம இரு."

ஹாலம்மா சிரித்தாள். அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

அன்று சாயங்காலம் நீலாம்பிகா ஒரு தாளோடு வந்தாள்.

"நாளைக்கு உங்க குழாய்ல இருந்து எடுக்கறதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாமான்னு கேக்க வந்தேன்."

"குப்பைக்குப் போறதுதானே? அதுக்கு எதுக்கு என்னைக் கேக்கறீங்க?"

"உங்க உடம்புல இருந்து வர்றது. கேக்காம எடுக்கக் கூடாது. வேண்டாம்னு சொன்னாலும் ஆபரேஷன் இதே மாதிரிதான் நடக்கும்."

ஹாலம்மா யோசித்தாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக எதையும் யாரும் அவளிடம் கேட்டதாக நினைவில்லை. "எடுத்துக்கோங்க. ஆனா நான் அதைப் பாக்கணும். எனக்குள்ள என்ன உக்காந்திருந்துச்சுன்னு தெரியணும்."

ஆபரேஷன் மூன்று மணி நேரம் நடந்தது. மயக்கம் தெளிந்ததும் சர்ஜன் முதலில் கேட்டது, "இடது கை விரலை மடக்குங்க". மடக்கினாள். "சிரிங்க". அந்த மனிதர் முன்னால் சிரிப்பது எப்படி என்று தெரியாமல் பல்லைக் காட்டினாள். இரண்டு பக்கமும் சமமாக ஏறியது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். திப்பேசாமி அவர் போன பக்கம் பார்த்து, அவர் கண்ணில் படாமல், கை கூப்பினான்.

மூன்று வாரம் கழித்து ஹாலம்மா கல்லூரிக்குப் போனாள். நீலாம்பிகாவின் அறையில் ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் அது மிதந்துகொண்டிருந்தது. உரித்த பூண்டுப் பல் அளவுக்கு ஒரு மஞ்சள் துண்டு. நடுவில் சிவப்புக் கீற்று.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னாள். அதே துண்டிலிருந்து தாளைவிட மெல்லிசாகச் சீவிய ஒரு படலம். ஹாலம்மா முதலில் தன் இமை முடியைத்தான் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தெரிந்தது. பக்கத்தில் பக்கத்தில் உப்பிய வட்டங்கள்.

"என்னது இது, சோப்பு நுரை மாதிரி?"

"நுரை அணுன்னுதான் பேரே வெச்சிருக்காங்க. ஆனா அது வெளியில இருந்து வந்ததில்ல. உங்க ரத்தத்துல காவலுக்கு இருக்கற வெள்ளை அணுதான்."

"ஏன் இப்படி ஊதிக் கிடக்கு?"

நீலாம்பிகா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பழைய எண்ணெய்ல ஒரு சிக்கு வாடை வருமே, தெரியும்ல?"

"என் கடையில வராது."

"சரி, கரிபசம்மா கடையில."

"அங்க வரும்" என்று ஹாலம்மா ஒத்துக்கொண்டாள்.

"எண்ணெய் காத்து பட்டுக் கெடற மாதிரி, கொழுப்பும் கெடும். ரத்தத்துல ஓடிக்கிட்டு இருக்கற வரைக்கும் அவ்வளவு தொந்தரவு இல்ல. குழாய்ச் சுவருக்குள்ள புகுந்து தங்கிடுச்சுன்னா அங்கயே கெட்டுப்போகும். உடனே சுத்தம் பண்ண இவங்க வருவாங்க. கெடாத கொழுப்புன்னா ஓரளவு முழுங்கிட்டு, போதும்னு நிறுத்திக்குவாங்க. கெட்டதுக்கு அந்தப் போதுங்கறதே கிடையாது. இருக்கறது எல்லாத்தையும் முழுங்குவாங்க. முழுங்கி முழுங்கி நகர முடியாமப் போயிடும். அப்பவும் சும்மா இருக்க மாட்டாங்க, உதவிக்கு ஆள் அனுப்புன்னு கத்துவாங்க. வர்றவங்களும் இதையே பண்ணுவாங்க."

"அப்புறம்?"

"அங்கயே செத்துப்போவாங்க. அதெல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் புட்டியில இருக்கறது."

ஹாலம்மா மறுபடி கண்ணை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை. தன் கழுத்துக்குள் ஏதோ பகை புகுந்து உட்கார்ந்திருந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தனக்காக ஓடிவந்து, வந்த இடத்திலேயே கிடந்தவர்கள் இவர்கள் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

"என்னைக் காப்பாத்த வந்தவங்களா இதெல்லாம்?"

"ஆமா. காப்பாத்த வந்துதான் அடைச்சிட்டாங்க."

அவள் எழுந்து நுண்ணோக்கியைப் பார்த்துக் கை கூப்பினாள். நீலாம்பிகா சிரிக்கவில்லை.

வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள். "உண்மையைச் சொல்லுங்க. நான் எண்ணெய் மேல எண்ணெயா ஊத்திப் பொரிச்சேனே. மிச்சத்தை நானே தின்னேனே. அதுதான் இதைப் பண்ணிச்சா?"

"அது ஒண்ணுதான்னு சொன்னா நான் பொய் சொன்னதா ஆகும். திரும்பத் திரும்பக் காயவெச்ச எண்ணெய் நல்லது இல்ல, அது சரி. ஆனா சர்க்கரை இருந்துது, அழுத்தம் இருந்துது, நாள் பூரா உலைப் புகை. எடையும் ஒரு காரணம். வயித்துக் கொழுப்புக்குள்ளயும் இதே அணுக்கள் உக்காந்திருக்கு. கொழுப்பு ஏற ஏற அவங்களுக்கு எரிச்சல் ஏறும், அந்த எரிச்சல் உடம்பு பூரா பரவும். எதுக்கு எவ்வளவு பங்குன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. யாராவது உங்க தப்புதான்னு சொன்னா என்கிட்ட அனுப்புங்க."

அதைக் கேட்டபிறகுதான் ஹாலம்மா வாசலைத் தாண்டினாள்.

இரண்டு மாதத்தில் கடை திறந்தாள். பெரிய வாணலியைப் பரணில் போட்டுவிட்டுச் சின்னது வாங்கினாள். அன்றைய எண்ணெய் அன்றோடு சரி. ஏழு மணிக்கு அடுப்பை அணைத்தாள். மதியம் சோள மாவில் தட்டிய ஜோள ரொட்டியும் கீரையும் சாப்பிட்டுவிட்டுத்தான் கடைக்கு வந்தாள். விடிகாலையில் திப்பேசாமி அவளை நடக்கக் கூட்டிப்போனான். முதல் நாள் உலைத் தெரு முனை வரைதான் போக முடிந்தது. அவன் வேகமாக நடக்கிறவன். அவளுக்காகக் காலைச் சுருக்கிச் சுருக்கி வைத்து, "இப்படி நடந்தா என் முட்டிதான் போகும்" என்று முனகிக்கொண்டே ஒரு நாளும் தவறவிடவில்லை.

நடுவில் ஒரு மாதம் எல்லாம் குலைந்தது. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஹோளிகை என்கிற போளியை நெய்யில் முக்கி முக்கித் தின்றாள். மாத்திரையும் நான்கு நாள் விட்டுப்போனது. நீலாம்பிகாவிடம் அதை மறைக்காமல் சொன்னாள். "இனிமே மாத்திரையைச் சாப்பிடுங்க, விட்டுடாதீங்க" என்றாள் அவள், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் நீலாம்பிகாவின் கஷ்டம் ஹாலம்மாவுக்கு முழுசாகத் தெரிந்தது. பருமனாக இருப்பவர்களின் வெள்ளை அணுக்கள், குழாய்ச் சுவருக்குப் போவதற்கு முன்பே, ரத்தத்தில் ஓடும்போதே எரிச்சலில் இருக்கின்றனவா, கெட்டுப்போன கொழுப்பைக் கண்டால் மற்றவர்களுடையதைவிட அதிகமாக முழுங்குகின்றனவா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அறுபது பேர் ரத்தம் வேண்டும். ஒரு வருடத்தில் பத்தொன்பது பேர்தான் கிடைத்திருந்தார்கள்.

"அவ்வளவுதானே? என்கிட்ட விடுங்க. ரத்தம் கொடுக்கறவங்களுக்கு ஒரு தட்டு மண்டக்கி சும்மான்னு போர்டு எழுதி வெச்சிடறேன்."

"ஐயோ வேண்டாம் ஹாலக்கா. அது லஞ்சம் கொடுத்து வாங்கின மாதிரி ஆயிடும். விதி இருக்கு."

"இது என்ன விதி? சரி, பேசலாம்ல? அதுக்கு விதி இல்லையே?"

பேசினாள். பஜ்ஜி வாங்க நின்றவர்களிடம், சேலை முந்தியை விலக்கிக் கழுத்துத் தழும்பைக் காட்டி, கண்ணுக்குத் திரை இறங்கிய கதையைச் சொன்னாள். நுரை மாதிரி ஊதிக் கிடந்தவர்களைச் சொன்னாள். "ரெண்டு ஸ்பூன் ரத்தம். உனக்கு ஒரு கொசு ஒரு வாரத்துல குடிக்கறதைவிடக் கொஞ்சம் கூட" என்று ஒரு கணக்கும் போட்டாள். அது தப்பென்று நீலாம்பிகா திருத்தினாலும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை. பொரி உலைக்காரர்கள் வந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள். துணிக்கடைப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து வந்தார்கள்.

கரிபசம்மா மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"உன் ஒருத்தி கழுத்தை அறுத்தது போதாதா? என்னையும் எதுக்கு இழுக்கறே?"

"பயமா?"

"எனக்கா? பத்துக் கிலோ மாவு ஒரே கையில தூக்குவேன்."

"தூக்கற கையை நீட்டினாப் போதும்."

ஒரு வியாழக்கிழமை காலையில் அவளே வந்தாள், யாரும் மறுபடி கேட்காமலே, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு. ரத்தம் எடுக்குமுன் எல்லாருக்கும் அழுத்தம் பார்ப்பது வழக்கம். கருவியைப் பார்த்த நீலாம்பிகா மறுபடி ஒரு தரம் கட்டினாள், பிறகு மற்றக் கையில் கட்டினாள். இருநூற்றைத் தாண்டியிருந்தது. கரிபசம்மாவுக்குத் தலைவலிகூட இல்லை. அன்று ரத்தம் எடுக்கவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஐந்து நாள் வைத்திருந்து மருந்து கொடுத்து இறக்கினார்கள். அந்த ஐந்து நாளும் அவள் கடையில் ஹாலம்மா தன் கையால் மாவு கரைத்து வைத்துவிட்டுத் தன் கடைக்குப் போனாள்.

வீடு திரும்பிய அன்று கரிபசம்மா தெருவைக் கடந்து வந்தாள். ஹாலம்மாவின் வாணலியை எட்டிப் பார்த்தாள்.

"மாவுல உப்பு கம்மியாப் போட்டிருந்தே" என்றாள்.

"உனக்கு இனிமே கம்மி உப்புதான்" என்றாள் ஹாலம்மா.

இரண்டு மாதம் கழித்து கரிபசம்மா திரும்ப வந்து ரத்தம் கொடுத்தாள். அவள்தான் அறுபதாவது ஆள்.

முடிவு வர மேலும் ஒரு வருடம் ஆனது. நீலாம்பிகா நினைத்தது பெரும்பாலும் சரியாக இருந்தது. பருமனானவர்களின், அதிலும் குழாய் அடைப்பும் உள்ளவர்களின் அணுக்கள் கெட்ட கொழுப்பைக் கண்டதும் அதிகம் முழுங்கின, அதிகம் கத்தின. ஹாலம்மா ஆரம்பத்தில் கொடுத்த ரத்தத்தோடு, பதினோரு கிலோ குறைந்தபின் கொடுத்ததையும் அவள் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"கொஞ்சம் அமைதியாயிருக்கு. ஒல்லியானவங்க அளவுக்கு இல்ல, முன்னாடி இருந்ததைவிட. ஆனா நீங்க ஒரு ஆளு, மருந்தும் சாப்பிடறீங்க. இதை வெச்சு நான் எதையும் எழுத முடியாது."

"எழுத வேண்டாம். எனக்குச் சொன்னீங்களே, போதும்."

கட்டுரை அச்சில் வந்தபோது நீலாம்பிகா அதைக் கடைக்கே கொண்டுவந்தாள். ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரியை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "ரத்தம் கொடுத்து உதவிய பொரி உலைப் பேட்டை மக்களுக்கு எங்கள் நன்றி."

"என் பேரு?"

"பேரு போடக் கூடாது. அதுக்கும் விதி."

"உங்க விதிக்கு ஒரு அளவே இல்ல. சரி, நீங்க நன்றி சொல்லிட்டீங்க. நான் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தர் பாக்கி" என்றாள் ஹாலம்மா.

மறுநாள் திப்பேசாமியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் சர்ஜன் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டபோது அவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன தொந்தரவு?" என்றார்.

"தொந்தரவு ஒண்ணும் இல்ல சார். சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அப்படிச் சொல்லவும் சங்கடப்படவில்லை. ஹாலம்மா முந்தியை விலக்கினாள். அவர் எழுந்து வந்து, வெளிச்சத்துக்கு அவள் முகவாயைத் திருப்பி, தழும்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"முகம் ஞாபகம் இல்ல. இந்தத் தையல் என்னுது" என்றார். பிறகு, அதுவரை யாரும் அவரிடம் பார்த்திராத விதமாக, மெல்லச் சிரித்தார். "நல்லா ஆறியிருக்கு."

"ஆமா சார்" என்றாள் ஹாலம்மா. மாவுப் பாத்திரத்தை நழுவவிட்ட அந்த இடது கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.